கடலோரக் கிராமத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறேன். தொடக்கப் பயிற்சி முடிந்துவிட்டது. இன்னும் நன்றாகக் கற்பிக்க என்ன செய்யலாம்?

நீங்கள் சேர்ந்திருப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் (2022-27) என்று எடுத்துக்கொள்கிறேன். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, நடத்துவது தன்னார்வலர்கள். தீக்‌ஷா என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் இலவசப் பாடங்கள் உண்டு, பாருங்கள். ஆனால் அது மட்டும் போதாது.

பெரியவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பாம்பன், மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் எடையையும் விலையையும் மனக்கணக்காகவே போடுவார்கள். அவர்களிடம் ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால் மறுநாள் வரமாட்டார்கள். வியாபாரி கொடுக்கும் துண்டுச்சீட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். கிலோ, விலை, கழிவு, மீதி: மனதில் இருக்கும் கணக்கு தாளில் எந்த இடத்தில் நிற்கிறது என்று காட்டினாலே ஒரு பாடம் முடிந்துவிடும். வங்கிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது அடுத்த பாடம். (குழந்தைகளுக்கான அரிச்சுவடியை மட்டும் நீட்டிவிடாதீர்கள், கூச்சப்படுவார்கள்.)

அப்புறம், பக்கத்து ஊர்த் தன்னார்வலர் ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவர் வகுப்பில் நீங்கள் பின்னால் உட்காருங்கள், உங்கள் வகுப்பில் அவர். யார் பேசவே இல்லை, எங்கே அவசரப்பட்டோம் என்று பேசிக்கொள்வது எந்தச் சான்றிதழ் பயிற்சியையும்விட உதவும் என்பது என் கருத்து.

நேரத்தையும் கடலைப் பார்த்தே வையுங்கள். பாசிக்குப் போகிறவர்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடலில் இறங்குவார்கள், அப்போது வகுப்புக்கு வருவது கஷ்டம். விசைப்படகுக் குடும்பங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஆண்களை வகுப்புக்கு இழுக்க அதுதான் சமயம்.