சாயம் அடித்ததும் வளைந்த சுவர்: பொம்மை வீட்டு கிட்டில் எதை முதலில் செய்வது?

கேள்வி: மகளின் எட்டாவது பிறந்த நாளுக்காக ஆன்லைனில் ஒரு குட்டி வீட்டு கிட் வாங்கினேன். பெட்டியில் 1:24 என்று, அதாவது நிஜத்தில் 24-இல் ஒரு பங்கு அளவு என்று, போட்டிருக்கிறது. தரைப் பலகைக்கும் இரண்டு சுவருக்கும் ராத்திரி அக்ரிலிக் சாயம் அடித்து வைத்தேன். காலையில் பார்த்தால் மூன்றும் அப்பளம் மாதிரி வளைந்திருந்தன. சாயம் அடித்த பக்கம் புடைத்து நிற்கிறது. வளையாத பலகைகளை ஒட்டிப் பார்த்தேன், மூலையில் சந்து விழுகிறது. கூட வந்த எல்.இ.டி. விளக்கும் எரியவில்லை. கிட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா? சரிசெய்ய முடியுமென்றால், அதிலிருக்கும் வெளிநாட்டு காபிக் கடையை எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) ஊர் ஓட்டு வீடாக மாற்றவும் ஆசை.
– பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி

திருப்பி அனுப்ப வேண்டாம், மூன்றுமே சரியாகும். கிட்டோடு வரும் புத்தகம் எதை எதோடு ஒட்டுவது என்று படம் போட்டுக் காட்டும். எதை எப்போது நனைப்பது என்று ஒரு வரி சொல்லாது. உங்கள் சிக்கல் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

நான் கோயம்புத்தூரில் பவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன் செய்து கை பழகியவன். பம்பு உடம்பின் வடிவத்தை முதலில் மரத்தில் செய்வோம். அதை மணலில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். மணலில் ஈரம் இருக்கும். மரம் அதை உறிஞ்சிக் கொஞ்சம் கோணினாலும் வார்ப்பு கோணிவிடும். அதனால் பேட்டர்னுக்கு அடிப்பக்கம், இடுக்கு, ஓட்டை என்று ஓரிடம் விடாமல் பூச்சு கொடுப்போம். அழகுக்கு இல்லை, ஈரம் புகாமல் இருக்க. பொம்மை வீட்டுக்கும் அதே கணக்குத்தான்.

கிட்டில் வருவது பெரும்பாலும் 3 மி.மீ. பிளைவுட், அல்லது மரநாரை அமுக்கிச் செய்த எம்.டி.எஃப். பலகை. தண்ணீரில் கரையும் சாயத்தை ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அந்தப் பக்கத்து மரம் குடித்து விரியும், மறுபக்கம் அப்படியே இருக்கும். பலகைக்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் உங்கள் ஊரில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சாரல் வந்துவிட்டால் பலகை ஏற்கெனவே பாதி நனைந்தமாதிரிதான் இருக்கும்.

இப்போது வளைந்திருப்பதற்கு மருந்து இது. அடிக்காத பக்கம் குழிந்திருக்கிறது அல்லவா? அந்தக் குழிந்த பக்கத்துக்கு அதே சாயத்தை அதே கனத்தில் ஒரு கோட் அடியுங்கள். கைக்கு ஒட்டாத அளவு காய்ந்ததும், மேலும் கீழும் வழுவழுப்பான வெள்ளைத்தாள் போட்டு இரண்டு சமதளப் பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஏறிவிடும். வீட்டில் அம்மிக்கல் இருந்தால் அதைவிட நல்ல பாரம் கிடையாது. ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள், எடுத்துப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், எதிர்ப்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். பிளைவுட் இப்படி வழிக்கு வரும். எம்.டி.எஃப். தண்ணீர் குடித்து ஓரம் உப்பிவிட்டால் பழைய கனத்துக்குத் திரும்பாது, தேய்த்துத்தான் இறக்க வேண்டும். உடைத்த ஓரத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட், அமுக்கிய அட்டை மாதிரி ஒரே சீராக இருந்தால் எம்.டி.எஃப்.

மிச்சமிருக்கும் பலகைகளுக்கு முதலில் சீலர், அதாவது ஈரம் புகாமல் அடைக்கும் பூச்சு. வுட் சீலரோ, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷோ, பெயின்ட் கடையில் எது கிடைத்தாலும் சரி. ஸ்பிரிட் பூச்சில் தண்ணீர் இல்லாததால் பலகை அவ்வளவாக விரியாது. ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் விளக்கு, அடுப்பு இல்லாமல் அடியுங்கள். இரண்டு பக்கமும் ஒரு கோட், காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் தூசி தட்டுவதுபோல ஒரு தேய்ப்பு, அப்புறம் சாயம். ஆடிக்காற்று அடிக்கும்போது திண்ணையில் வைத்து அடித்தால் புழுதி முழுக்க உங்கள் சுவரில்தான் இருக்கும்.

ஆனால் சாயமோ சீலரோ எடுக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. எல்லாப் பலகைகளையும் பசை இல்லாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். எந்த நாக்கு (துருத்தி நிற்கும் முனை) எந்தக் காடியில் (அது உட்காரும் பள்ளம்) நுழைகிறது என்று பென்சிலால் எண் போடுங்கள். பிறகு நாக்கு, காடி, சுவர் வந்து உட்காரும் கோடு எல்லாவற்றையும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுப் பூச்சைத் தொடங்குங்கள். ஃபெவிகால் மரத்தின் நாருக்குள் இறங்கிப் பிடிப்பது. சாயத்தின்மேல் தடவினால் சாயத்தைத்தான் பிடிக்கும், சாயம் உரிந்தால் சுவரும் கையோடு வரும். சாயம் அடித்த பலகைகளில் மூலைச் சந்து விழவும் இது காரணமாகலாம்: நாக்கில் சாயம் ஏறினால் அதன் கனமே காடிக்குள் முழுசாக இறங்க விடாது. லேசரில் வெட்டிய ஓரம் கருகியிருக்கும். அந்தக் கரியை 220 உப்புத்தாளால் பழுப்பு நிறம் வரும்வரை எடுங்கள். எடுக்காவிட்டால் பசையும் சரியாகப் பிடிக்காது, வெள்ளைச் சாயமும் சாம்பலாகும். மர நிறத்தில் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறும் சாயம்) கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அதை ஒட்டுவதற்கு முன்பே முடியுங்கள். ஃபெவிகால் பட்ட இடம் ஸ்டெயினைக் குடிக்காது, வெண்குஷ்டம் மாதிரித் தெரியும்.

சந்து விழ இன்னொரு காரணம், மூலை சரியான மட்டத்தில் இல்லாதது. பாப்பாவின் ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள மூலைமட்டத்தைச் சுவருக்கும் தரைக்கும் நடுவே நிறுத்தி, டேப் போட்டு, அரை மணி நேரம் அசையாமல் விடுங்கள். முழுப் பலம் வர 24 மணி நேரம். பெட்டியாக நின்றதும் இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டம். ஃபெவிக்விக்கை நான் மரச் சட்டத்துக்குத் தொடுவதில்லை, தப்பாக ஒட்டினால் நகர்த்த நேரம் தராது. ஜன்னல் கண்ணாடியாக வரும் பிளாஸ்டிக் பக்கத்தில் அதைக் கொண்டே போகாதீர்கள், ஆவி படிந்து வெள்ளையாகப் புகை பிடித்துக்கொள்ளும்.

விளக்குக்கு வருவோம். அந்த எல்.இ.டி.யில் இருக்கும் முடி போன்ற கம்பியைப் பாருங்கள். அது நம் ஊர் மோட்டார் வைண்டிங் கம்பிக்குத் தம்பி, மேலே கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கலாம். நுனியைச் சுரண்டாமல் முறுக்கினால் செம்பு செம்பைத் தொடாது, எப்படி எரியும்? அரை அங்குலத்துக்கு நுனியை உப்புத்தாளில் மடித்துப் பிடித்து இழுங்கள். செம்பு பளிச்சென்று தெரிய வேண்டும். அப்புறமும் எரியாவிட்டால் இரண்டு முனைகளையும் மாற்றிப் பிடியுங்கள், எல்.இ.டி. ஒரு திசையில்தான் எரியும். 3 வோல்ட் பேட்டரிக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரில் நேரடியாகச் செருகினால் அந்த நொடியே கதை முடியும்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்தக் கிட்டுகளில் காசு வடிவ சி.ஆர். 2032 பேட்டரி இருக்கும். சின்னக் குழந்தை அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடும் ஆபத்து உண்டு. வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பேட்டரிப் பெட்டி திருகாணி போட்டு மூடுவதாக இருக்கட்டும். அம்மிணிக்கு எட்டு வயதாகிறது, சரி; வீட்டில் அவளுக்கு இளையது ஏதாவது தவழ்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது பார்க்கிற வீடே தவிர விளையாடுகிற வீடு இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். அவளுடைய பார்பி சுமார் 1:6 அளவு. இந்த வாசலில் அதன் கால்கூட நுழையாது.

இனி ஓட்டு வீடு. அளவுக்கு நூல் கணக்கு போதும். ஓர் அங்குலத்துக்கு 8 நூல். 1:24-இல் நிஜ வீட்டின் ஓர் அடி, இங்கே அரை அங்குலம், அதாவது 4 நூல். அப்படியென்றால் 1 நூலுக்கு 3 அங்குலம். 9 அங்குலச் செங்கல் சுவர் வேண்டுமா, 3 நூல். ஆறடிக் கதவு, 3 அங்குலம். இந்தக் கணக்கு மனதில் ஏறிவிட்டால் எதைப் பார்த்தாலும் 24-ஆல் பெருக்கத் தோன்றும். பவானி ஜமுக்காளத்தில் ஒரு துண்டு வெட்டித் திண்ணையில் விரித்தால் அழகாக இருக்கும் என்று நானும் நினைத்தேன். ஒரு மி.மீ. தடிமனுள்ள இழை அங்கே 24 மி.மீ. வடக்கயிறு! மெல்லிய கர்ச்சீப் துணியில் கோடு வரைந்ததுதான் ஜமுக்காளமாகத் தெரிந்தது. பளபளக்கும் சாயமும் இதே காரணத்தால் ஆகாது, மேட் வாங்குங்கள்.

நாட்டு ஓட்டுக்கு, தீர்ந்துபோன பேனா ரீஃபில்மேல் பழுப்புக் காகிதத்தை ஃபெவிகால் தண்ணீர் தொட்டு இரண்டு சுற்றுச் சுற்றி உருவுங்கள். காய்ந்ததும் நீளவாக்கில் இரண்டாகக் கீறி, இரண்டரை நூல் நீளத்தில் வெட்டினால் குட்டி ஓடுகள். ஒரு வரிசை மல்லாக்க, அடுத்தது கவிழ்த்து, கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். சில நூறு ஓடு தேவைப்படும், பாப்பாவை வெட்ட உட்கார வைக்கலாம். செங்காவி அடித்து, தண்ணீராகக் கரைத்த கறுப்பை மேலே ஓடவிட்டுத் துணியால் ஒற்றி எடுங்கள், நாலு மழைக்காலம் பார்த்த கூரையாகிவிடும். தரைக்குக் காவி, சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை, அடியில் ஒரு கோடு காவிப் பட்டை. பொடக்காலியில் (வீட்டுக் கொல்லையில்) தென்னை நாரைத் திரித்துக் கயிறு கட்டிவிடுங்கள், உங்கள் ஊரில் நாருக்கா பஞ்சம்?

கூரையை மட்டும் ஒட்டாதீர்கள். என் முதல் வீட்டில் எல்லாவற்றையும் ஒட்டி முடித்த மூன்றாம் நாள் உள்ளே ஒரு விளக்கு செத்தது. வாள் வைத்துக் கூரையை அறுக்க வேண்டியதாயிற்று. டெல்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த லட்யன்ஸ், 1921 முதல் 1924 வரை இங்கிலாந்து ராணி மேரிக்கு 1:12-இல் ஒரு பொம்மை வீடு கட்டினார். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் ஓடும். அந்த வீட்டின் வெளிச்சுவர் மொத்தமும் மேலே தூக்கித் திறக்கும்படி இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். சுவரின் உட்பக்கம் மேலே ஒரு நூல் கனக் குச்சியை நாலு பக்கமும் ஒட்டி, கூரையை அதன்மேல் உட்கார வையுங்கள். பேட்டரி மாற்றவும், மார்கழியில் ஒட்டடை அடிக்கவும் கை போகும்.