பச்சையாகவே வாடிச் சாகும் கத்தரி

கேள்வி: ஐயா, நிலாவெளிப் பக்கம் மணல் தரையில் கால் ஏக்கர் கத்தரி வைத்திருக்கிறேன். நட்டு 50 நாள், காய் பிடிக்கத் தொடங்கிவிட்டது. மத்தியானம் இலை தொங்குகிறது, அந்திக்கு நிமிர்கிறது. நாலைந்து நாளில் மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடிச் செத்துவிடுகிறது. இதுவரை 18 கன்று போய்விட்டது. கடையில் சொன்னபடி காபென்டாசிமும் இலைப்பசளையும் மூன்று தரம் அடித்தேன். இனி எந்த மருந்து அடிக்க?

பதில்: தம்பி, இனி எதையும் அடிக்க வேண்டாம். நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால் இது பெரும்பாலும் பற்றீரியா வாடல். காபென்டாசிம் பங்கசுக்கான மருந்து, பற்றீரியாவை ஒன்றும் செய்யாது. பங்கசு வாடலாகவே இருந்தாலும் இலையில் அடித்தது வேருக்கு இறங்காது. அந்த மருந்து தண்ணீர் போகும் காழ்க் குழாய் வழியே மேல்நோக்கித்தான் நகரும். உங்கள் நோயோ கீழே, அதே குழாய்க்குள் அடைத்துக்கொண்டு இருக்கிறது.

“கன்று ஏன் வாடுகிறது” என்றுதான் நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டும். அதைக் கண்டுபிடிக்கக் காசு தேவையில்லை. காலையில், புதிதாக வாடத் தொடங்கிய கன்று ஒன்றைப் பிடுங்குங்கள். நிலமட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் 5 சென்ரிமீற்றர் துண்டு வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தெளிந்த தண்ணீர் எடுத்து, துண்டின் அடிமுனை மட்டும் நனையும்படி நூலில் தொங்கவிடுங்கள். கிளாசை அசைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுவாயிலிருந்து பால் நூல்போல வெள்ளையாக இறங்கினால் அது பற்றீரியாதான். காய்ந்து செத்த கன்றில் இது சரியாகத் தெரியாது.

நூல் இறங்கவில்லையா, வேரைக் கழுவிப் பாருங்கள். மணல் தரையில் வேர்முடிச்சு வட்டப்புழுவும் வழக்கம். பயற்றம் வேரிலுள்ள முடிச்சு விரலால் தேய்த்தால் கழன்றுவிடும். வட்டப்புழுவால் வந்த முடிச்சு கழலாது, ஏனென்றால் வேரே வீங்கியிருக்கிறது. அந்த வீக்கத்துக்குள் காழ் நெளிந்து உடைந்து, தண்ணீர் ஏறாமல் போகிறது. இலை ஓரம் மட்டும் கருகினால் கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இலைப்பசளையைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். இலைவாய் என்று பேர் இருந்தாலும் அது காற்றும் நீராவியும் போய்வரும் துவாரம். வாடும் கன்றில் அதுவும் மூடிவிடும். நாகம் (துத்தநாகம்), போறன் குறைபாட்டுக்கு இலைவழித் தெளிப்பு உதவும், மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரே ஏறாத கன்றுக்கு மத்தியான வெயிலில் அடித்தால் உப்புப் படிந்து இலை கருகும். கன்றைப் பாராமல் போத்தலை எடுத்துத் தரும் கடைக்காரர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை. அடுத்த முறை வாடிய கன்றை வேரோடு விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டு போங்கள்.

கன்றுக்கு வாய் வேர்தான். அதிலும் நுனிக்குச் சற்றுப் பின்னாலுள்ள வேர்மயிர்தான் தண்ணீரில் பெரும்பகுதியை உறிஞ்சுகிறது. அதன் ஆயுள் சில நாட்கள்தான், வேர் வளர வளரப் புதிதாக முளைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நட்டு மூன்று கிழமைக்குப் பிறகு அடியிலிருந்து ஒரு சாணுக்குள் மண்வெட்டி போட்டால் அந்த நுனிகள் அறுபடும். அறுந்த ஒவ்வொரு வாயும் பற்றீரியா நுழையும் வாசல். அடிப்புல்லைக் கையால் பிடுங்குங்கள்.

வாடிய கன்றுகளை வேரைச் சுற்றிய மண்ணோடு எடுத்துப் பையில் கட்டி, தோட்டத்துக்கு வெளியே எரியுங்கள். வாய்க்காலில் எறிந்தால் மற்றப் பாத்திகளுக்கும் போய்விடும். நோய் கண்ட பாத்திக்குக் கடைசியாகத் தண்ணீர் விடுங்கள், அங்கிருந்து வேறு பாத்திக்கு வடியக் கூடாது. கத்தி, மண்வெட்டியை ஒரு பங்கு வெளிற்றும் திரவம், ஒன்பது பங்கு தண்ணீரில் கழுவுங்கள். செத்த இடத்தில் மறுகன்று வைக்காதீர்கள்.

அடுத்த போகத்தில் அந்தத் துண்டில் தக்காளி, மிளகாய், நிலக்கடலை வேண்டாம், எல்லாவற்றுக்கும் இது வரும். சோளமோ வெங்காயமோ போடலாம். மறுபடி கத்தரிதான் வேண்டுமென்றால் சுண்டங்காய் அடிக்கட்டையில் ஒட்டிய கன்று வாங்குங்கள். ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். மண் அணைக்கும்போது அது மூடப்பட்டால் மேலே உள்ள கத்தரியே வேர்விட்டு, நோய் அந்த வழியால் ஏறிவிடும்.