பிரியாணி தீர்ந்ததும் கூட்டம் காலி

இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஹாஸ்டல் விஷயம். காலேஜ் திறந்தாச்சு இல்லையா! அதனால் மாமியார், மருமகள் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அக்கா, நான் இரண்டாம் ஆண்டு. என்னை ஹாஸ்டல் கல்ச்சுரல் செகரட்டரி ஆக்கிவிட்டார்கள். 240 பெண்கள், நான்கு மாடி, நிகழ்ச்சிகளுக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய். போன வருடம் ஃப்ரெஷர்ஸ் டே, பொங்கல், ஹாஸ்டல் டே மூன்றும் அமர்க்களமாக நடந்தன. ஆனாலும் பக்கத்து ரூம் பெண்ணின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. இந்த வருடம் என்ன நடத்தலாம்?
— தாம்பரம் வாசகி

முதலில் காசை மூன்றே நாளில் கொட்டுவதை நிறுத்தும்மா. சென்னையில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் ஏழு வருடம் டெபுடி வார்டனாக இருந்தவள் நான். முதல் வருடம் நானும் பந்தல், டிஜே, மட்டன் பிரியாணி என்று அசத்தினேன். நடுவில் பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்த்தால், மேடையில் ஆடுகிற எட்டுப் பேரும் அவர்களுடைய ரூம்மேட்டுகளும்தான் குஷியாக இருக்கிறார்கள், மற்றவர்கள் எல்லாம் போனில். பிரியாணி வந்ததும் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரவர் மாடிக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் இரண்டு பேர் லீவு. மாஸ்டர் பத்து கிலோ சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு திணறுகிறார். இரண்டாவது மாடியில் சும்மா நின்ற பன்னிரண்டு பேரை இழுத்து வந்து வராந்தாவில் உட்கார வைத்தேன். பத்து நிமிடம் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் நாகர்கோவில் பெண் ஒருத்தி, தண்ணீரில் ஊறப்போட்டு உரித்தால் கண் எரியாது என்றாள். அதெல்லாம் சும்மா என்றாள் தர்மபுரிக்காரி. அங்கே பிடித்த பேச்சு, யார் வீட்டு சாம்பாரில் வெல்லம் போடுவார்கள் என்று பெரிய சண்டையில் போய் நின்றது. மணிப்பூரிலிருந்து வந்த பெண் ஒருத்தி, இரண்டு மாதமாக குட் மார்னிங் தவிர வேறு எதுவும் பேசாதவள், எங்கள் ஊரில் எரோம்பா என்று ஒன்று உண்டு, மிளகாயும் புளிக்க வைத்த மீனும் போட்டு மசிப்போம், அதைச் சாப்பிட்டுப் பழகினால் இந்த வெங்காயத்துக்கெல்லாம் அழ மாட்டீர்கள் என்று பாதித் தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொன்னாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அத்தனை பேரும் சிரித்த சத்தம் கீழே வாட்ச்மேன் வரைக்கும் கேட்டது. செலவு? பூஜ்யம்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, இவர்களுக்கு வேடிக்கை பார்க்க ஏதும் வேண்டாம், கையில் ஒரு வேலை வேண்டும், அதுவும் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து செய்கிற வேலை, திரும்பத் திரும்ப.

உன் கணக்குக்கு வருவோம். மாடிக்கு மாதம் 1,000 ரூபாய் கொடு. நான்கு மாடி, ஒன்பது மாதம், 36,000 போகும். மீதி 24,000 பொங்கலுக்கும் ஹாஸ்டல் டேக்கும் போதும், பந்தல் சின்னதாக இருந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ஞாயிறுக்கு ஒரு மாடி என்று ஒவ்வொரு மாடிக்கும் மாதம் ஒரு முறை. திருநெல்வேலி சொதியோ, கோயம்புத்தூர் அரிசிம்பருப்பு சாதமோ, அந்த மாடிப் பெண்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். நறுக்குவதும் பரிமாறுவதும் அவர்கள், அடுப்பு மட்டும் மாஸ்டர் கையில். மெஸ் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. உங்கள் மெஸ் டிவைடிங் சிஸ்டம், அதாவது மாதச் செலவை எல்லோருக்கும் பங்குபோடுகிற முறை என்றால் இன்னும் உஷாராக இரு, மாதக் கடைசியில் பில் எகிறினால் 240 பேர் திட்டும் உனக்குத்தான்.

ஏன் ஞாயிறு என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பெண்கள் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி ராத்திரி முழுக்கப் போக வேண்டியவர்கள்தான் மிஞ்சுவார்கள், வீட்டு நினைப்பு வந்து ஒரு பொழுதைத் தள்ளுவது அவர்களுக்குத்தான் கஷ்டம். எல்லோரும் வேண்டும் என்றால் புதன்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் முக்கால் மணி நேரம். இன்டர்னல் பரீட்சை வாரத்தில் எதுவும் வைக்காதே. நவம்பரில் மைதானத்தை நம்பாதே, மழை கேட்டுக்கொண்டு வராது.

இன்னொன்று, மாடிக்கு ஒரு பெயர் வையுங்கள். ஐஐடி மெட்ராஸில் காவேரி, கோதாவரி, தாமிரபரணி என்று ஹாஸ்டல்களுக்கெல்லாம் ஆற்றுப் பெயர், ஒன்றோடொன்று மோதுவதற்குத் தனிக் கோப்பையே இருக்கிறது. உன் ஊரிலேயே கிறிஸ்தவக் கல்லூரியில் ஹாஸ்டல் என்று சொல்லிப் பார், ஹால் என்று திருத்துவார்கள். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால். படித்து முடித்து எத்தனையோ வருடம் ஆனவர்கள்கூட எந்த ஹால் என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வார்கள். "செகண்ட் ஃப்ளோர்" என்று யாராவது பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறாயா?

மேடம், நான் ஆண்கள் ஹாஸ்டல் டெபுடி வார்டன். ராகிங் புகாருக்குப் பயந்து சீனியர், ஜூனியர் சேர்கிற எல்லா நிகழ்ச்சியையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?
— குரோம்பேட்டை வாசகர்

பயம் நியாயம் சார், முடிவு தப்பு. 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவரைப் பறிகொடுத்த பிறகுதான் 1997-இல் நம் மாநிலத்தில் ராகிங் தடைச் சட்டமே வந்தது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) போட்ட ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சேர விடாதே என்று அதில் இல்லை. ஆசிரியர்கள் முன்னிலையில் விளையாட்டு, கலை நிகழ்ச்சி வைத்துச் சேர்த்துவிடு என்றுதான் இருக்கிறது. ஆறு ஜூனியருக்கு ஒரு சீனியர் வழிகாட்டி என்று கணக்கே கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர்கள் ஹாஸ்டலுக்கு வந்து மாணவர்களோடு சாப்பிட வேண்டும் என்றுகூட இருக்கிறது. நீங்கள் கடைசியாக மெஸ் வரிசையில் தட்டோடு நின்றது எப்போது?

நிகழ்ச்சியை நிறுத்தினால் அவர்கள் சந்திக்காமலா இருப்பார்கள்? மொட்டை மாடியில் பதினோரு மணிக்குச் சந்திப்பார்கள், அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளிச்சத்தில், மாடிக்கு மாடி வாலிபால் விடுங்கள். டீமில் பாதிப் பேர் முதலாமாண்டு என்பது கட்டாயம். "இன்ட்ரோ கொடு" என்று மேடையில் நிற்க வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம், வம்பு அங்கேதான் ஆரம்பம். 1800-180-5522 என்ற ராகிங் உதவி எண்ணை ஆபீஸ் போர்டில் ஒட்டாமல் பாத்ரூம் பக்கத்தில் ஒட்டுங்கள், கூச்சமில்லாமல் குறித்துக்கொள்வார்கள்.

எதற்குக் கூப்பிட்டாலும் என் ரூம்மேட் வருவதில்லை. எப்படி இழுப்பது?
— அடையாறு வாசகி

இழுக்காதே. கூட்டம் பிடிக்காதவளாக இருக்கலாம், தப்பில்லை. மேடை இல்லாத வேலை ஏதாவது கொடுத்துப் பார், கோலத்துக்குக் கலர் பொடி வாங்குவது, போட்டோ எடுப்பது மாதிரி. ஆனால் சாப்பிடாமல், தூங்காமல், கிளாஸுக்கும் போகாமல் படுத்தே கிடந்தால் அது வேறு கதை, அன்றைக்கே வார்டனிடம் சொல்லிவிடு.

காமன் ரூமுக்கு 15,000 ரூபாய் சாங்ஷன் ஆகியிருக்கிறது. டிவியா, கேரம் போர்டா?
— கிண்டி வாசகர்

கேரம் போர்டு, இரண்டு. கூடவே ஆறு ஸ்ட்ரைக்கர், முதலில் காணாமல் போவது அதுதான். பவுடர் டப்பாவை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் காலையில் பசங்கள் முகத்துக்குப் போட்டுக்கொண்டு கிளாஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.