மாலை நேர மையங்களில் பணியாற்றுவோர்க்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பள்ளி விட்டபின் பிள்ளைகளையும் வளரிளம் பருவத்தினரையும் இரண்டு மூன்று மணி நேரம் பொறுப்பில் வைத்திருக்கும் மாலை நேர மையங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன: இந்த வேலையை எங்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? ஆசிரியருக்குப் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, செவிலியருக்கும் இருக்கிறது. மாலையில் நாற்பது பிள்ளைகளோடு இருப்பவர் கையில் பெரும்பாலும் ஒரு சாவிக்கொத்தும் வருகைப் பதிவேடும்தான் தரப்படுகின்றன. அவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் ஒரு மையத்தின் பொறுப்பாளர். எங்களிடம் ஒன்பது பணியாளர்கள் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் வெளியிலிருந்து வல்லுநர் ஒருவரை அழைத்து இரண்டு நாள் பயிலரங்கு நடத்துகிறோம். எல்லாரும் ஆர்வமாகக் கலந்துகொண்டு குறிப்பும் எடுக்கிறார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தால் எல்லாம் பழையபடியே நடக்கிறது. பயிலரங்கை மாற்றுவதா, ஆட்களை மாற்றுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். பயிலரங்கு முடிந்த மறுநாள் முதல் உங்கள் மையத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் மாற்ற வேண்டும். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆசிரியர் பயிற்சியைப் பற்றி 1980களில் விரிவாக எழுதிய புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் இருவரும் வலியுறுத்தியது இதையே: ஒரு முறையை விளக்கினால் கேட்பவருக்குப் புரியும், செய்து காட்டினால் தெளிவாகும், அங்கேயே செய்து பார்க்க வைத்தால் ஓரளவு கைக்கு வரும், ஆனால் அது அன்றாட வேலைக்குள் போய் நிலைக்க வேண்டுமானால், வேலை நடக்கும் இடத்திலேயே உடனிருந்து பார்த்து, பேசி, மறுபடி பார்க்கும் ஒருவருடைய துணை வேண்டும்.

நான் பொறுப்பிலிருந்த மையம் ஒன்றில் இதைக் கண்ணால் கண்டேன். இளம்பெண் ஒருவர் பதினான்கு பிள்ளைகளுக்கு அறிவியல் விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தார். கேள்வி கேட்கும் முறை பற்றிய பயிலரங்குக்குப் போய் வந்தவர். கேள்விகளையும் நன்றாகவே தயாரித்திருந்தார். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, இருபது நிமிட நேரம், அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு யார் விடை சொன்னார்கள் என்பதையும் மட்டும் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினேழு கேள்விகள். பதினாறுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அதே மூன்று பேர் விடை சொன்னார்கள். மீதி ஒன்றுக்கு அவரே சொல்லிவிட்டார். சன்னலோரம் இருந்த சிறுவன் ஒருவன் நான்கு முறை கையைப் பாதி தூக்கி, தூக்கிய வேகத்திலேயே இறக்கிக்கொண்டான். பிள்ளைகள் வீடு திரும்பியபின் அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறதம்மா?" என்று மட்டும் கேட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "நான் அவனைப் பார்க்கவே இல்லையே" என்றார்.

மறுநாள் முதல் அவர் ஒன்றே ஒன்றை மாற்றிக்கொண்டார்: கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுத்தான் யாரையும் அழைப்பது. இது நாங்கள் கண்டுபிடித்த முறையன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களிலேயே அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் விடைகள் நீளமாவதோடு, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் காட்டினார். பயிலரங்கிலும் அந்தப் பெண்ணுக்கு இது சொல்லப்பட்டிருந்தது. தன்னுடைய பதினேழு கேள்விகளைத் தாளில் பார்த்த பிறகுதான் அது அவருக்கு வேண்டியதாயிற்று.

ஆகவே பயிலரங்கை ஒரு நாளாகக் குறைத்து, ஒரே பொருளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் நேரத்தை ஆண்டு முழுவதும் பரப்பி, ஒவ்வொருவருடைய வேலையையும் ஆறு வாரத்துக்கு ஒரு முறையாவது இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்; அன்றே, முடியாவிட்டால் மறுநாளே, பதினைந்து நிமிடம் பேசுங்கள். குறிப்பேட்டில் உங்கள் கருத்தை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். "பிள்ளைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை" என்பது தீர்ப்பு, "4.40 முதல் 4.52 வரை மூன்று பேர் கத்தரிக்கோலுக்காகக் காத்திருந்தார்கள்" என்பது செய்தி. தீர்ப்பைக் கேட்டவர் தன்னைக் காத்துக்கொள்ள வாதாடுவார். செய்தியைக் கேட்டவர் அடுத்த முறை கத்தரிக்கோல்களைக் கூடுதலாக எடுத்துவைப்பார். இந்தப் பேச்சுக்கான நேரம் சம்பளத்துக்கு உட்பட்ட நேரமாகவே இருக்க வேண்டும். பிள்ளைகள் போனபின் பேருந்துக்கு ஓடும் ஒருவரை நிறுத்திவைத்துப் பேசுவது அவருக்குத் தண்டனையாகத்தான் படும்.

எந்தப் பொருளை முதலில் எடுப்பது என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். ஜோசப் டர்லாக், ரோஜர் வெய்ஸ்பெர்க், மோலி பாச்சன் மூவரும் மாலை நேரத் திட்டங்கள் குறித்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு உதவும். பிள்ளைகளின் தன்னம்பிக்கையிலும் பழகும் முறையிலும் படிப்பிலும் பலன் தந்த திட்டங்களில் நான்கு கூறுகள் சேர்ந்திருந்தன: திறன்கள் படிப்படியாக வரிசைப்படுத்திக் கற்றுத்தரப்பட்டன, பிள்ளைகள் கேட்பதோடு நில்லாமல் செய்து பார்த்தார்கள், அதற்கென்றே நேரம் ஒதுக்கப்பட்டது, எந்தத் திறனை வளர்க்கிறோம் என்பது வெளிப்படையாக வரையறுக்கப்பட்டிருந்தது. இந்த நான்கும் சேராத திட்டங்களில் குறிப்பிடத்தக்க பலன் காணப்படவில்லை. உங்கள் ஒன்பது பேரையும் அழைத்து, "இந்த வாரம் பிள்ளைகள் நம்மிடம் எதைக் கற்றுக்கொண்டு போனார்கள்?" என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் இடத்தில் உங்கள் முதல் பயிற்சிப் பொருள் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பணியாளர்களில் பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். ஓராண்டில், சில நேரம் ஆறு மாதத்தில், விட்டுப் போய்விடுகிறார்கள். போகப் போகிறவர்களுக்குச் செலவு செய்து பயிற்சி தருவது வீண் என்று எங்கள் நிர்வாகக் குழு சொல்கிறது. என்ன பதில் சொல்வது?

பதில்: அவர்கள் இருக்கும் அந்த ஆறு மாதமும் பிள்ளைகள் அவர்களிடம்தானே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பயிற்சி பெறாதவர் அந்த ஆறு மாதத்தில் செய்யும் தவறுகளை அந்தப் பிள்ளைகள்தான் ஏற்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகக் குழுவின் கணக்கும் தலைகீழாக இருக்கலாம். அமெரிக்காவில் ஐந்து அமைப்புத் தொகுதிகளைச் சேர்ந்த 87 மாலை நேர மையங்களில் நடத்தப்பட்டு, டேவிட் வெய்கார்ட் மையத்தின் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பொறுப்பாளரும் பணியாளரும் சேர்ந்து தங்கள் மையத்தைத் தாங்களே அளந்து பார்த்து, திட்டமிட்டு, தேவையான பயிற்சியை எடுத்துக்கொண்டு, மறுபடி அளக்கும் முறையைப் பின்பற்றிய மையங்களில், பணியாளர் பிள்ளைகளோடு செயல்படும் தரம் உயர்ந்ததோடு, பணியாளர்கள் கூடுதல் காலம் நிலைத்திருந்ததும் தெரியவந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. தினமும் தோற்றுப்போகிறோம் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகிறவர்தான் முதலில் விட்டுப் போகிறார்.

போவோர் போகத்தான் செய்வார்கள். ஆகவே புதிதாகச் சேர்பவரை முதல் வாரம் முழுவதும் தனியாகக் குழுவில் விடாமல், அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக நிறுத்துங்கள். போகிறவரிடமிருந்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மூன்று வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எது பிடிக்கும், எது கலங்கவைக்கும், யாரோடு சேர்ந்தால் நன்றாக வேலை செய்யும். புதியவருக்கு எந்தக் கையேட்டையும்விட அது உதவும்.

கேள்வி: எனக்கு வயது 21. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் சொல்வதை அவர்கள் கேட்பதேயில்லை. தினமும் கத்துகிறேன், வீட்டுக்குப் போனபின் கத்தியதை நினைத்து வருந்துகிறேன். எனக்கு எந்தப் பயிற்சி தேவை?

பதில்: கத்தியதை நினைத்து வருந்தும் மனம் உங்களிடம் இருப்பதால், மீதியைக் கற்றுக்கொள்ளலாம், அஞ்ச வேண்டாம்.

முதலில் ஒரு வேலை. அடுத்த மூன்று நாளும், குழப்பம் எப்போது தொடங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எழுதிவையுங்கள். பெரும்பாலும் அது விளையாட்டின் நடுவிலோ வேலையின் நடுவிலோ தொடங்குவதில்லை. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் தொடங்குகிறது. சிற்றுண்டி முடிந்து எல்லாரும் எழுந்து நிற்கும்போது நீங்கள் பெட்டியைத் திறந்து பொருள்களைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். பதினெட்டுப் பேருக்கும் செய்ய எதுவுமில்லாத நான்கு நிமிடம் அது. அவர்கள் உங்களை மதிக்காததால் அந்தக் கூச்சல் எழவில்லை. யாராக இருந்தாலும் அந்த நான்கு நிமிடத்தில் ஏதாவது செய்யத்தான் செய்வார்கள். பொருள்களைப் பிள்ளைகள் வரும் முன்பே மேசையில் எடுத்துவைத்து, முதலில் வருபவர் உடனே தொடங்கக்கூடிய ஒரு வேலையைப் பலகையில் எழுதிவிட்டீர்களானால், நீங்கள் கத்த வேண்டிய நேரங்களில் பாதி தானாகவே மறைந்துவிடும்.

இரண்டாவது, அந்த வயதைப் புரிந்துகொள்ளுங்கள். திட்டமிடுதலையும் உந்துதலைக் கட்டுப்படுத்துவதையும் பார்த்துக்கொள்ளும் முன்மூளைப் பகுதி முழு முதிர்ச்சியடைய இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிறது என்பது மூளை ஆய்வுகள் காட்டும் உண்மை. அதே வயதில் சக தோழர்களின் பார்வை அவர்களுக்கு மற்ற எதையும்விடப் பெரிதாகப் படுகிறது. எல்லார் முன்னிலையிலும் நீங்கள் ஒரு பையனைக் கடிந்துகொண்டால், அவனுக்கு உங்கள் சொல் கேட்பதில்லை, பதினேழு பேர் பார்ப்பதுதான் தெரிகிறது. அவன் அந்தப் பதினேழு பேருக்காகப் பதில் பேசுவான். அருகில் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து, தாழ்ந்த குரலில், ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, அவன் பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுங்கள். அவன் கீழ்ப்படிவதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும், அவ்வளவுதான்.

அவர்களுக்கு முடிவெடுக்கும் உரிமையையும் கொடுங்கள். என்ன செய்வது என்பதை நீங்கள் தீர்மானித்தாலும், எந்த வரிசையில், யாரோடு, எந்தப் பொருளால் என்பதை அவர்களிடம் விடலாம். தன் கருத்தை உருவாக்கிக்கொள்ளக்கூடிய குழந்தை, தன்னைப் பாதிக்கும் செய்திகளில் அதைச் சொல்லவும் அது மதிக்கப்படவும் உரிமையுள்ளது என்று ஐக்கிய நாடுகள் அவையின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது உறுப்பு சொல்கிறது. மாலை நேர மையத்தில் அதற்கு நடைமுறைப் பொருள் இதுதான்.

எந்தப் பயிற்சி என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மையத்தில் கத்தாமல் குழு நடத்துபவர் ஒருவராவது இருப்பார். பொறுப்பாளரிடம் அனுமதி கேட்டு, ஒரு மாலை அவருடைய அறையில் உட்காருங்கள். அவர் பேசும்போது அல்ல, பேசாமல் இருக்கும்போது எங்கே நிற்கிறார், யாரைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

கேள்வி: குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியை இணையவழியில் முடித்துச் சான்றிதழ் வாங்கினால் போதும் என்று எங்கள் மையத்தில் சொல்லிவிட்டார்கள். ஒரு குழந்தை உண்மையிலேயே என்னிடம் வந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பதில்: அப்படியானால் அந்தப் பயிற்சி முடியவில்லை. சட்டத்தையும் அறிகுறிகளையும் திரையில் படிக்கலாம். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை வாயால்தான் பழக வேண்டும். முதலுதவியும் அப்படித்தான்: பொம்மையின் மார்பை அழுத்திப் பார்க்காதவர் கை ஆபத்து நேரத்தில் தயங்கும்.

குழந்தை சொல்லத் தொடங்கினால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். "என்னிடம் சொன்னது நல்லது, இது உன் தவறில்லை" என்று சொல்லுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. "உன்னைப் பாதுகாக்கக்கூடியவர்களிடம் நான் சொல்லியாக வேண்டும்" என்று நேர்மையாகக் கூறுங்கள். துருவிக் கேட்பதும், "அவர் இப்படிச் செய்தாரா?" என்று விடையை நீங்களே எடுத்துக்கொடுப்பதும் கூடாது, விசாரிப்பது அதற்கென உள்ளவர்களின் பணி. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே, நாளும் நேரமும் இட்டு உடனே எழுதி, மையத்தில் அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவியுங்கள். உங்கள் பகுதிச் சட்டம் நேரடியாக அதிகாரிகளிடம் தெரிவிக்கச் சொன்னால் அதையும் செய்ய வேண்டும். குற்றம் சாட்டப்படுபவரிடம் நீங்களே போய்ப் பேசுவது குழந்தையை மேலும் ஆபத்தில் தள்ளும்.

அடுத்த பணியாளர் கூட்டத்தில், ஒருவர் குழந்தையாகவும் ஒருவர் பணியாளராகவும் இருந்து, இந்த வாக்கியங்களை எல்லாரும் உரக்கச் சொல்லிப் பழகும்படி உங்கள் பொறுப்பாளரிடம் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். மறுத்தால் மறுபடி கேளுங்கள்.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். புதிதாக வந்த பொறுப்பாளர் என்னைவிட இளையவர். குறிப்பேடும் கையுமாக என் அறையில் வந்து உட்காருகிறார். எனக்கு அவமானமாக இருக்கிறது.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. அவர் வருவதற்கு முன் உங்களிடம் பேசியிருக்க வேண்டும். எதைப் பார்க்கப் போகிறார், எழுதியதை யார் படிப்பார்கள், சம்பள உயர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்பதையெல்லாம் சொல்லியிருக்க வேண்டும். வேலை மதிப்பீட்டையும் வேலைக்கான உதவியையும் ஒரே குறிப்பேட்டில் கலந்தால், யாரும் தன் குறையைத் திறந்து காட்டமாட்டார்கள்.

ஆயினும் அவர் வருவதைத் தடுக்க வேண்டாம். நீங்களே அவரிடம் போய், "தம்பி, நான் குழு நடத்தும்போது என்னால் பார்க்க முடியாத ஒன்று உண்டு, அதை எனக்காகப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று ஒரு பொருளைக் கொடுங்கள். யார் யாரோடு சேராமல் தனியே இருக்கிறார்கள் என்பதாக இருக்கலாம், நீங்கள் எந்தப் பிள்ளையின் பெயரை அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு முறையும் உச்சரிக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் அவர் ஒரு குழுவை நடத்தட்டும். குறிப்பேட்டோடு நீங்கள் மூலையில் உட்காருங்கள். அதற்கு அவர் தயங்கினால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள்.