பட்டறையில் கத்தியும் கோடாலியும் அடிக்க எந்தக் கலப்புருக்கை வாங்குவது?

வீட்டின் பின்புறத்தில் சிரட்டைக்கரி உலை அமைத்துவிட்டதாகவும், கத்தி, கோடாலி, உளி ஆகியவற்றை அடிப்பதற்குப் பழைய லொறி வில் (வண்டியின் பாரம் தாங்கும் வளைந்த உருக்குத் தகடுகளின் அடுக்கு) போதுமா, அல்லது கொழும்பிலிருந்து புதிய கலப்புருக்கு வருவிக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் பல ஆண்டுகளாகப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில் என் பதில் இது: லொறி வில்லே போதும், ஆனால் அதை வாங்கும் முறையில் கவனம் வேண்டும்.

சாதாரணக் கட்டட இரும்பில் கரிமம் ஏறத்தாழ 0.2 சதவீதம்தான் இருக்கும். அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் வெட்டுவாய் நிற்காது. வில்தகடுகளுக்குப் பரவலாகப் பயன்படும் 5160, எஸ்யூபி 9 போன்ற தரக் குறியீடுகள் கொண்ட உருக்குகளில் 0.6 சதவீதத்தை ஒட்டிய கரிமமும் 0.8 சதவீதத்தை ஒட்டிய குரோமியமும் உள்ளன. அந்தக் குரோமியம் இருப்பதனால்தான் தடித்த கோடாலி வாய்கூட எண்ணெயிலேயே உள்வரை இறுகுகிறது. அதைத் தண்ணீரில் தோய்ப்பவர்கள் வெடிப்பைத் தாமே வரவழைக்கிறார்கள். நான் தேங்காய் எண்ணெயைக் கைபொறுக்கும் அளவுக்குச் சற்று மேலாகச் சூடாக்கி, மூடியோடு கூடிய இரும்புப் பாத்திரத்தில் வைத்துத் தோய்க்கிறேன். எண்ணெய் தீப்பற்றினால் உடனே மூடிவிடலாம்.

பழைய இரும்புக் கடையில் உதிரித் துண்டுகளாக வாங்காதீர்கள். ஒரே வண்டியிலிருந்து கழற்றிய முழு வில்லடுக்கை வாங்குங்கள். ஒரு தகட்டைச் சோதித்துப் பதம் கண்டுவிட்டால், மற்றத் தகடுகளுக்கும் பெரும்பாலும் அதே பதம் பொருந்தும். இடையில் மாற்றிப் போட்ட தகடு ஒன்று இருக்கக்கூடும். துருவின் நிறமும் தேய்மானமும் மற்றவற்றோடு ஒத்துப்போகாததைக் கொண்டு அதை அடையாளம் கண்டு தனியே வையுங்கள்.

பழைய வில்லில் நான் மிகவும் அஞ்சுவது கண்ணுக்குத் தெரியாத வெடிப்பையே. தம்பலகாமத்து விவசாயி ஒருவருக்காக நான் அடித்த கத்தி, எண்ணெயிலிருந்து எடுத்தபோது முதுகிலிருந்து வாய்வரை மயிரிழை போன்ற கோட்டோடு வந்தது. வில்லில் முன்பே இருந்த வெடிப்புத்தான் அது. இரண்டு நாள் உழைப்பும் வீணாயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு தகட்டையும் துரு நீக்கி, மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் விட்டு, நன்றாகத் துடைத்தபின் சுண்ணக்கட்டித் தூளைப் பூசுகிறேன். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மேலே கசிந்து வெண்தூளில் கருங்கோடாகத் தெரியும். நடு ஆணித் துளையைச் சுற்றியுள்ள பகுதியை நான் எப்போதும் வெட்டி ஒதுக்கிவிடுவேன்.

அடுத்ததாக, விரல் நீளத் துண்டொன்றை வெட்டி, காந்தம் ஒட்டாத நிலைக்குச் சற்று மேல்வரை காய்ச்சி எண்ணெயில் தோயுங்கள். காந்தம் 770 பாகை செல்சியஸ் அளவிலேயே விட்டுவிடும். இந்த உருக்குக்கு 830 முதல் 845 பாகை வரை தேவை. ஆறியபின் அரம் வழுக்கிச் சென்றால் இறுகியிருக்கிறது என்று பொருள். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துண்டைத் துணியில் சுற்றி உடைத்துப் பாருங்கள். முறிவு சாம்பல் நிறத்தில் பட்டுப்போல மென்மையாக இருந்தால் சூடு சரி; சீனிக் கற்கள்போல மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. பின்னர் மறுசூட்டில், அதாவது இறுகியதை மெதுவாக மீண்டும் சூடாக்கும்போது, மேற்பரப்பில் கத்திக்கு வைக்கோல் நிறம் வரும்வரையும், அடிபடும் கோடாலிக்கு ஊதா நிறம் வரும்வரையும் முறுகலைத் தணிக்க வேண்டும்.

சுத்தியலும் அச்சுக் கருவிகளும் செய்வதானால் 4140 எனப்படும் உருக்கில் உருண்டைக் கம்பி பொருத்தமானது. பழைய பெயாரிங் வளையத்தில் பெரும்பாலும் 1 சதவீதக் கரிமம் இருப்பதால் சிறு கத்திக்கு அருமையாக அமையும். ஆனால் சூட்டில் பிழை பொறுக்காது, ஆகவே தொடக்கத்தில் வேண்டாம். நாகம் (துத்தநாகம்) பூசிய குழாயையும் குரோமியம் பூசிய தண்டையும் உலையில் வைக்கவே கூடாது. அவற்றின் புகை உடலுக்குக் கேடு.

புதிதாக வாங்கினால், உருக்கின் பெயர் சொல்லி விற்பவரிடம், அதன் கலவையைக் காட்டும் ஆலைச் சான்றிதழின் பிரதியைக் கேளுங்கள். “உயர்தர உருக்கு” என்ற வாய்ச்சொல்லை நம்பி ஒருமுறை நான் வாங்கிய கம்பி முழுவதையும், தோய்த்த பின்னும், அரம் வெண்ணெய்போல் அறுத்தது. கம்பியின் ஒரு முனையில் உருக்கின் வகையைக் காட்டும் நிறம் பூசியிருந்தால் மறுமுனையிலிருந்தே வெட்டிவாருங்கள். கடைசித் துண்டுவரை அது என்ன உருக்கு என்பது தெரிந்திருக்கும்.