பட்டடையின் வயது: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் தந்தையார் புதுப்பேட்டையில் நடத்திவந்த இரும்புப் பட்டறையில் கூம்பாக நீளும் கொம்பு வைத்த பெரிய பட்டடை (கொல்லர் இரும்பை வைத்து அடிக்கும் கட்டை) ஒன்று இன்னும் கிடக்கிறது. அதன் பக்கத்தில் 1 2 23 என்று எண்கள் வெட்டப்பட்டுள்ளன. காயலான் கடைக்காரர் ஒருவர் இது 1223-ஆம் ஆண்டு என்கிறார். என் மைத்துனரோ 1923 என்பதில் 9 தேய்ந்துவிட்டது என்கிறார். எடை போட்டபோது 86 கிலோவுக்குச் சற்று மேல் இருந்தது. ‘ரைட்’, ‘பேட்டன்ட்’ என்று ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. இதன் வயது என்ன?
— வாசகர், அயனாவரம்

பதில்: இருவர் சொன்னதும் சரியல்ல, விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் செய்யப்பட்ட பழைய பட்டடைகளில் இப்படி இடைவெளி விட்டு வெட்டப்படும் மூன்று எண்கள் ஆண்டைக் குறிப்பவை அல்ல, எடையைக் குறிப்பவை. முதல் எண் எத்தனை அந்தர் என்பதைச் சொல்லும். ஓர் அந்தர் 112 பவுண்டு. இரண்டாவது எண் கால் அந்தர்களின் கணக்கு. கால் அந்தர் 28 பவுண்டு. மூன்றாவது எண் மிச்சமுள்ள பவுண்டுகள். ஆக 112, 56, 23 ஆகிய மூன்றையும் கூட்டினால் 191 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 86.6 கிலோ. உங்கள் தராசும் இதையே காட்டியிருக்கிறது. நடு எண் 3-ஐத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது என்பதை நினைவில் கொண்டால், எடையை ஆண்டென்று சொல்லி யாரும் உங்களை ஏமாற்ற முடியாது.

பெயர் முழுமையாகத் தெரிந்தால் அது ‘பீட்டர் ரைட் பேட்டன்ட்’ என்று இருக்கக்கூடும். அதன் கீழே வட்டமாக ‘சாலிட் ராட்’ (SOLID WROUGHT) என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இது இங்கிலாந்தின் டட்லி நகரத்து நிறுவனம். அதன் பட்டடைகளின் பாதங்களில், சரிவு முடியும் இடத்தில், சிறு திண்ணைபோல ஒரு தட்டையான விளிம்பு விடப்பட்டிருக்கும். எழுத்து அழிந்த நிலையிலும் இந்த அடையாளம் உதவும். எழுத்தைப் படிப்பதற்குக் கிரைண்டரைத் தொட வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறிய துணியால் துடைத்து, நைலான் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, சாக்பீஸை அதன்மீது படுக்கவைத்துப் பூசுங்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தை இரும்பின் பரப்பை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து அடித்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத பாதி எழுத்தும் நிழல் விழுந்து எழும்பி நிற்கும்.

‘இங்கிலாந்து’ என்ற சொல் பட்டடையில் இருந்தால், பெரும்பாலும் அது 1890-களுக்குப் பிந்தையது என்று கொள்ளலாம். 1890-இல் அமெரிக்கா இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியது. ஆனால் அந்தச் சொல் இல்லை என்பதை வைத்து அதற்கு முந்தையது என்று முடிவுகட்டுவது தவறு. அமெரிக்க நூல்களைப் படித்துவிட்டு நம்மூர்ச் சேகரிப்பாளர்கள் பலர் இவ்விடத்தில்தான் சறுக்குகிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய பட்டடைக்கு அமெரிக்கச் சுங்கச் சட்டம் எதற்கு? ஆகவே உங்களுடையது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் இடைப்பட்டது என்று சொல்வதே நேர்மையானது. இதைவிடக் குறுகிய கணக்கை இந்த எழுத்துகளைக் கொண்டு மட்டும் எவரும் சொல்ல முடியாது.

கேள்வி: விற்பவர் ‘கம்பெனி காலத்துப் பட்டடை, இருநூறு வயது’ என்கிறார். எழுத்தோ எண்ணோ எதுவுமே இல்லை. நம்பலாமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: எழுத்தை நம்பி வயது சொல்வதைவிட உடலமைப்பை நம்பிச் சொல்வதே எப்போதும் மேல், எழுத்து தேயும், பிற்காலத்தில் யாராவது புதிதாகவும் வெட்டுவார்கள், உடலமைப்பை அப்படி மாற்றிவிட முடியாது. முதலில் முகத்தின், அதாவது இரும்பை வைத்து அடிக்கும் மேல்பரப்பின், வால்புறத்தை (கொம்புக்கு எதிர்ப்பக்கம்) பாருங்கள். அங்கே உளி, கத்தி முதலியவற்றைச் செருகி நிறுத்துவதற்கான சதுரத் துளை இருக்கும். அதன் அருகில், இரும்பில் துளையிடும்போது பயன்படும் சிறிய வட்டத் துளை உண்டா என்று பார்க்க வேண்டும். ஆங்கிலப் பட்டடைகளில் இந்த வட்டத் துளை 19-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில்தான் வழக்கமானது. ஏறத்தாழ 1830-ஐ எல்லைக்கோடாகக் கொள்வார்கள். உங்கள் பட்டடையில் சீரான வட்டத் துளை இருந்தால், விற்பவரின் கணக்கிலிருந்து சில ஆண்டுகளையாவது குறைத்துவிடலாம். துளையைப் பிறகு டிரில் போட்டிருப்பார்கள் என்று அவர் வாதிட்டால், துளையின் உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள்; டிரில் ஓடிய வரிகள் கைக்குத் தட்டுப்படும்.

அடுத்தது இடுப்பு. 18-ஆம் நூற்றாண்டுப் பட்டடை குட்டையான கட்டைபோல இருக்கும். கொம்பு சிறியது, வால்புறம் நீளமாக வெளியே நீண்டிராது. சிலவற்றில் கொம்பின் கீழே ஐந்தாவதாக ஒரு பாதமும் காணப்படும். இடுப்பு ஒடுங்கி, கொம்பும் வாலும் நீண்டு, ‘லண்டன் பேட்டர்ன்’ என்று பெயர்பெற்ற இன்றைய வடிவம் படிப்படியாக உருவானது. படத்தில் நீங்கள் அனுப்பியிருப்பது அந்த ஒடுங்கிய இடுப்புடையதுதான்.

மூன்றாவது, எப்படிச் செய்யப்பட்டது என்பது. பழைய ஆங்கிலப் பட்டடை தேனிரும்பினால் ஆனது. பல துண்டுகளை உலையில் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கி, முகத்தின்மேல் மட்டும் ஓர் உருக்குத் தகட்டை அதே முறையில் இணைப்பார்கள். பக்கவாட்டில் முகத்திற்குச் சுமார் அரை அங்குலம் கீழே மெல்லிய கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்; அதுதான் தகட்டின் இணைப்பு. இடுப்பின் முன்னும் பின்னும், அடியிலும், ஒரு விரல் நுழையும் அளவில் சதுரக் குழிகள் இருக்கும். இவற்றைப் பார்த்து ‘பூட்டுப் போடும் துளை’ என்று கதை கட்டுவோர் உண்டு. உண்மையில், கொதிக்கும் இரும்பைப் புரட்டுவதற்கு நீண்ட தண்டைச் செருகிய குழிகள் அவை. அக்குழிகள் இருந்தால் பட்டடை அடித்துச் செய்யப்பட்டது என்பதற்கு நல்ல சாட்சி. உடலின் நடுவே அச்சுப் பெட்டியின் பிரிகோடு மேடாகத் தெரிந்தால், அது வார்க்கப்பட்டது.

ஆண்டையே முத்திரையாகப் பதித்த பட்டடைகளும் உண்டு. வில்லியம் ஃபாஸ்டர் என்ற ஆங்கிலத் தயாரிப்பாளரின் பட்டடைகளிலும், சுவீடனின் சோடர்ஃபோர்ஸ் பட்டடைகள் சிலவற்றிலும் நான்கு இலக்க ஆண்டு தெளிவாக இருக்கும். ஷெஃபீல்டின் ‘மவுஸ் ஹோல்’ பட்டடைகள் சிலவற்றில் எலியின் உருவமும், எடை எண்களுக்கு நடுவே புள்ளிகளும் காணப்படும். இவற்றில் ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

கேள்வி: எங்கள் பாட்டனார் காஞ்சிபுரம் பக்கம் கொல்லர். அவர் உட்கார்ந்து வேலை செய்த, கொம்பே இல்லாத சதுர இரும்புக் கட்டையும், பிற்காலத்தில் பயன்படுத்திய தண்டவாளத் துண்டும் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் உள்ளன. இவற்றுக்கும் வயது கண்டுபிடிக்க வழியுண்டா?
— வாசகர், தாம்பரம்

பதில்: மரக்கட்டையில் புதைத்து வைக்கும் சதுரப் பட்டடையின் வடிவம் தலைமுறை தலைமுறையாக மாறவே இல்லை, ஆகவே வடிவத்தை வைத்து வயது சொல்ல முடியாது. ஓரங்களைப் பாருங்கள். ஒரு பக்கமாவது நெருக்கமான சாய்வரிகளோடு, உருகி வழிந்த விளிம்போடு இருந்தால் அது கேஸ் கட்டிங், அதாவது வாயுச் சுடரால் வெட்டியது. அந்த முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிறந்தது, நம் ஊர்களுக்கு வர இன்னும் காலம் பிடித்தது. மாறாக, துருவேறிய பரப்பில் மரத்தின் நார்போல நீளவாட்டில் இழைகள் தெரிந்தால் அது தேனிரும்பு. அப்படியானால் பாட்டனாருக்கும் முந்தைய தலைமுறைக்குப் போக வாய்ப்பிருக்கிறது.

தண்டவாளத் துண்டைத்தான் நான் ஆவலோடு பார்ப்பேன், ஏனெனில் தண்டவாளம் தன் பிறப்புச் சான்றிதழைத் தன் இடுப்பிலேயே சுமந்திருக்கும். நடுத்தகட்டின் பக்கத்தில், உருட்டும்போதே எழும்பிய எழுத்துகளில் ஆலையின் பெயரும் ஆண்டும் இருக்கும். இங்கிலாந்தின் பாரோ, கேமல், ஜெர்மனியின் க்ரப், நம் நாட்டின் டாடா ஆகிய ஆலைகளின் பெயர்கள் எதிர்பார்க்கத் தக்கவை. உங்கள் துண்டு சிறியதாக இருந்து எழுத்து விழுந்த பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தால், அடியிலிருந்து தலைவரை உயரத்தை அளந்து பாருங்கள். 143 மில்லிமீட்டர் என்றால் அது கெஜத்துக்கு 90 பவுண்டு என்ற பழைய கணக்கிலான தண்டவாளம். 156 என்றால் மீட்டருக்கு 52 கிலோ, 172 என்றால் 60 கிலோ, இவ்விரண்டும் மெட்ரிக் முறைக்குப் பிந்தையவை. இதில் ஓர் எச்சரிக்கை: எழுத்தில் உள்ள ஆண்டு தண்டவாளம் பிறந்த ஆண்டே தவிர, அது பட்டடையான ஆண்டல்ல. பாதையில் பல பத்தாண்டுகள் ரயிலைத் தாங்கிவிட்டுத்தான் அது கொல்லுலைக்கு வந்திருக்கும். சென்னையின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது என்பதால், அதற்கு முந்தைய வயதை எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கு எதிராக 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளதால், ஏலத்தில் எடுத்த பழைய ரசீது ஏதாவது பாட்டனாரின் பெட்டியில் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: தட்டினால் கோயில் மணிபோல ஒலிப்பதுதான் பழைய, நல்ல பட்டடை என்கிறார்களே?
— வாசகர், வியாசர்பாடி

பதில்: ஒலிக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஃபிஷர் நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டிலேயே, வார்ப்பிரும்பு உடலில் உருக்கு முகம் பதித்து, கழுகுச் சின்னத்தோடு விற்ற பட்டடைகள் ஓசையே எழுப்பாதவை. அதுவே அவற்றின் சிறப்பு. தரம் அறிய, பழைய பேரிங் குண்டு ஒன்றை 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து முகத்தில் விடுங்கள். 18 சென்டிமீட்டருக்கு மேல் துள்ளினால் முகம் நல்ல கடினத்தோடு இருக்கிறது. ‘சொத்’தென்று விழுந்து அடங்கினால், வெறும் வார்ப்பிரும்பு, அல்லது எப்போதோ தீயில் கிடந்து பதம் இழந்தது. முகம் முழுவதும் இப்படிச் சோதியுங்கள்; ஓரிடத்தில் மட்டும் துள்ளல் குறைந்தால், அங்கே தகடு உடலிலிருந்து விட்டுப்போயிருக்கலாம். லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சீவி மினுக்கச் சொல்லாதீர்கள். அரை அங்குலத் தகட்டில் பாதியைச் சீவிவிட்டால் மீதியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் என் மகன், நூறு வயதுக்கு மேற்பட்ட எங்கள் குடும்பப் பட்டடையைக் கப்பலில் அனுப்பச் சொல்கிறான். அனுப்பலாமா?
— வாசகர், அண்ணா நகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்தின்படி, கடந்த காலத்தின் கைவினையையோ அறிவியலையோ விளக்கும் பொருள், குறைந்தது நூறு ஆண்டு பழமையானதாக இருந்தால், தொல்பொருளாகக் கருதப்படலாம். அத்தகைய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை. ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்த பட்டடைக்கு இது பொருந்துமா என்று நீங்களும் நானும் பேசி முடிவு செய்ய முடியாது. ‘இது தொல்பொருள் அல்ல’ என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முறைப்படி விண்ணப்பித்துப் பெற்ற பிறகே கப்பல் முகவரிடம் பேசுங்கள். விண்ணப்பத்தோடு நான்கு பக்கங்களின் படங்கள், எழுத்துகளின் சாக்பீஸ் பூசிய படம், எடை, நீள அகலம் ஆகியவற்றை இணைத்தால் ஆய்வு செய்பவருக்கும் வேலை எளிது. கப்பல் கட்டணம் பட்டடையின் விலையைத் தாண்டக்கூடும் என்பதையும் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.