டயருக்குள் தண்ணீர்: டிராக்டர் ஓட்டுவோர் கேட்டவையும் பதில்களும்

45 குதிரைத்திறன் டிராக்டர். ஆழ உழும்போது பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. டயரில் தண்ணீர் ஏற்றினால் சரியாகுமா?

ஆகலாம். ஆனால் முதலில் சறுக்கல் எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள். பின்டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிய நிலையில், உழப்போகும் அதே மண்ணில், சக்கரம் 10 சுற்று சுற்றும் வரை ஓட்டித் தூரத்தை அளங்கள். அடுத்து கலப்பையை வழக்கமான ஆழத்தில் இறக்கி, அதே கியரில் அதே 10 சுற்று. முதல் தடவை 40 மீட்டர், இரண்டாம் தடவை 35 மீட்டர் என்றால் வித்தியாசம் 5 மீட்டர். 5-ஐ 40-ஆல் வகுத்தால் 12.5 சதவீதம்.

இருசக்கர இயக்க டிராக்டருக்கு 8 முதல் 15 சதவீதம் வரை சறுக்கல் இருப்பது நல்லதுதான். அதைத் தாண்டினால் டீசலும் டயரும் வீணாகின்றன. 8-க்குக் கீழே போனால் எடை ஏற்கெனவே அதிகம் என்று பொருள். சறுக்கல் அறவே கூடாது என்று நினைப்பவர்கள் கியர்பாக்ஸுக்குத்தான் கெடுதல் செய்கிறார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டும்போது சக்கரம் வழுக்கிக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் பல்சக்கரங்களில் இறங்கும்.

சறுக்கல் 20 சதவீதம் என்று வந்தாலும் உடனே தண்ணீர்க் குழாயைத் தேடாதீர்கள். டயரின் பல் தேய்ந்திருக்கிறதா, காற்று தேவைக்கு மேல் இருக்கிறதா, கலப்பை ஆழம் எஞ்சினுக்கு மீறியதா என்று பாருங்கள். காற்று கூடிப்போன டயர் மண்ணில் கொஞ்ச இடத்தில்தான் பதியும். அதைக் குறைத்த மாத்திரத்தில் பிரச்சினை தீர்ந்துவிடுவதும் உண்டு.

எவ்வளவு தண்ணீர் ஏற்றலாம்? முழுதாக நிரப்பினால் என்ன?

வால்வை உச்சியில் நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் டயரின் கொள்ளளவில் ஏறத்தாழ 75 சதவீதம். சாதாரணக் குறுக்கிழை டயருக்கு (இழைகள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வகை) அதுவே எல்லை. 13.6-28 டயர் (அகலம் 13.6 அங்குலம், ரிம் 28 அங்குலம்) இந்த அளவில் 185 லிட்டர் போலப் பிடிக்கும், 16.9-28 என்றால் 300 லிட்டரை ஒட்டி. ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால், 13.6-28 இரண்டுக்கும் சேர்த்து 370 கிலோ கூடுகிறது.

முழுதாக நிரப்பவே கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. மேலே காற்றுக்கு இடமில்லாத டயர் வரப்பில் ஏறி இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. டயர் இழைகள் அறும், ரிம் நெளியும், டியூப் வெடிக்கும்.

ரேடியல் டயர் (இழைகள் விளிம்புக்கு விளிம்பு நேராகச் செல்லும் வகை) வைத்திருப்பவர்கள் 75-ஐயும் மறந்துவிடலாம். பக்கச்சுவர் வளைந்துகொடுப்பதில்தான் ரேடியலின் பலன் இருக்கிறது. நீர் கூடினால் அந்த வளைவு போய்விடும். பல டயர் நிறுவனங்கள் 40 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்கின்றன. அதற்கு வால்வு கடிகாரத்தின் 4 அல்லது 8 மணி நிலையில் இருக்கும்போது நீர் மட்டம் அதைத் தொட வேண்டும். உங்கள் டயரின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. ஒரே அச்சின் இரண்டு டயரிலும் மட்டம் ஒன்றாக இருப்பது எல்லா வகைக்கும் பொருந்தும்.

கடைக்குப் போகாமல் வீட்டிலேயே நிரப்ப முடியுமா?

முடியும். டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கப்போகும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். நிரப்பும் பக்கத்து அச்சை ஜாக்கியால் தூக்கி, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை பார்க்காதீர்கள். டயர் தரையைத் தொடாமல் நிற்க வேண்டும். எடை தாங்கிய டயரில் காற்றை இறக்கினால் அது நசுங்கி, ரிம்மோடு கவ்வியிருக்கும் விளிம்பு விலகும். நசுங்கிய டயரில் தண்ணீரும் குறைவாகவே ஏறும்.

வால்வை உச்சிக்குத் திருப்பி, உள்ளே காற்றை அடைத்து நிறுத்தும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுதாக விடுங்கள். முகத்தை வால்வுக்கு நேரே வைக்காதீர்கள், ஊசி தோட்டாபோலப் பாயும். பெரும்பாலான டிராக்டர் வால்வுகளில் ஊசி உட்கார்ந்திருக்கும் பித்தளைக் கூடும் தனியாகக் கழலும். இதைத் தெரியாமல் வெறும் ஊசித் துளை வழியே நிரப்பிக்கொண்டு அரைநாளைக் கழிப்பவர்கள் உண்டு. கூட்டையும் கழற்றினால் துளை பெரிதாகும், வேலை சட்டென முடியும்.

தண்ணீர்-காற்று அடாப்டர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். தண்ணீர் ஒரு வழியில் உள்ளே போக, காற்று பக்கத்துத் துளையில் வெளியேறும். அந்தத் துளையில் தண்ணீர் எட்டிப்பார்த்தால் மட்டம் வந்துவிட்டது. அடாப்டர் இல்லையென்றால் ஹோஸை வால்வில் இறுக்கிச் சில நிமிடம் விட்டு, கழற்றி, காற்றைப் போகவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். உயரத்தில் வைத்த டிரம்மிலிருந்து விட்டாலும் போதும். தண்ணீரைத் துணியில் வடிகட்டியே விடுங்கள். ஒரு மணல் துகள் ஊசியில் சிக்கினால் காற்று கசிந்துகொண்டே இருக்கும். கடைசியில் கூட்டையும் ஊசியையும் மாட்டி, டயர் தூக்கிய நிலையிலேயே காற்றை ஏற்றி, அதன் பிறகே இறக்குங்கள்.

தண்ணீர் ஏற்றிய டயருக்குக் காற்று எத்தனை பவுண்டு?

கையேடு சொல்லும் அதே அளவுதான், தண்ணீருக்காகக் குறைக்க வேண்டியதில்லை. அளக்கும்போது மட்டும் வால்வு உச்சியில் இருக்கட்டும். அடியில் வைத்து அளந்தால் நீரின் உயரமும் சேர்ந்து காட்டும். 28 அங்குல ரிம்மில் இது ஏறத்தாழ 1 பவுண்டு. 12 பவுண்டு வைக்கும் டயரில் ஒரு பவுண்டு சின்ன விஷயமல்ல. உள்ளே காற்று கால்பங்கு மட்டுமே இருப்பதால், முன்பு பொருட்படுத்தாத சிறு கசிவும் இப்போது அழுத்தத்தை மளமளவென இறக்கும். வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காற்று அளக்கும் கருவிக்குள் தண்ணீர் போனால் உடனே உதறிக் காயவையுங்கள்.

குளிரில் தண்ணீர் உறையும் இடம். கால்சியம் குளோரைடு உப்பைக் கலக்கலாமா?

கலக்கலாம். 77 சதவீதத் தூய்மையுள்ள செதில் வகை என்றால், 100 லிட்டர் தண்ணீருக்கு 24 கிலோ போட்டால் மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும். 42 கிலோ போட்டால் மைனஸ் 24-ஐ ஒட்டி. இரண்டாவது கரைசல் தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனமானது என்பதால் எடையும் கூடக் கிடைக்கும்.

பிளாஸ்டிக் டிரம்மில் முதலில் தண்ணீர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. மாற்றிச் செய்யாதீர்கள்: கரையும்போது வெப்பம் கிளம்பும், உப்பின் மேல் ஊற்றிய தண்ணீர் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். கரைசல் ஆறிய பிறகே டயருக்குள் விட வேண்டும்.

இதன் கெட்ட குணம் துரு. டியூப் இல்லாத டயரில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டியூப் இருந்தாலும் ஊசித்துளைக் கசிவு ஒன்று போதும், ரிம்மை உள்ளிருந்தே அரித்துவிடும். வால்வைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு தென்பட்டால் அன்றே டயரைப் பிரியுங்கள். உறைபனி இல்லாத ஊரில் இந்த உப்பே தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும்.

உறையாமல் இருக்க எத்திலீன் கிளைக்காலும் கலக்கலாம், அது இந்த உப்பைப்போல ரிம்மை அரிக்காது. ஆனால் இனிப்பான நஞ்சு, சிந்தியதை நக்கும் நாயும் மாடும் பிழைப்பது கடினம். அதற்குப் பதில் புரொப்பிலீன் கிளைக்கால் பாதுகாப்பானது, விலைதான் கூடுதல்.

முன்பக்கம் லோடர் மாட்டியிருக்கிறேன். பின்டயரில் தண்ணீர் ஏற்றினால் முன்னச்சின் சுமை குறையுமா?

குறையாது. இது பரவலான தவறான நம்பிக்கை. டயருக்குள் இருக்கும் நீரின் எடை பின்னச்சுக்கு நேர் கீழே தரையில் இறங்குகிறது. முன்னச்சைத் தூக்கிவிட அதற்கு நெம்புகோல் நீளமே இல்லை. பின்சக்கரம் தரையை விட்டு எழும்பாமல் பார்த்துக்கொள்ளும், எடை தாழ்வாக இருப்பதால் சாயும் அபாயத்தையும் குறைக்கும். முன்னச்சின் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் பின்னிணைப்பில், அதாவது பின்னச்சுக்கு அப்பால், எடைப்பெட்டி தொங்கவிட வேண்டும். லோடர் வேலைக்கு இரண்டும் சேர்ந்தால் நல்லது.

ரோட்டவேட்டர் ஓட்டத் தண்ணீர் வேண்டுமா?

வேண்டாம். ரோட்டவேட்டரின் கத்திகள் டிராக்டரை முன்னால் தள்ளவே செய்கின்றன. இழுவை மிகக் குறைவு. தேவையில்லாத எடை மண்ணை இறுக்கும், டீசலைத் தின்னும். சேற்றுழவுக்கும் இதே பதில்தான்: கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டும் காலத்தில் தண்ணீரை இறக்கிவிடுங்கள், கனத்த வண்டி சேற்றில் அமிழும்.

பழைய டிராக்டர் வாங்கினேன். டயரில் தண்ணீர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வால்வை அடியில் நிறுத்தி ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் இருக்கிறது. பிறகு சக்கரத்தைச் சிறிது சிறிதாக உருட்டி, எந்த உயரத்தில் தண்ணீர் நின்று காற்று வருகிறதோ அதுவே மட்டம். ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவைத்துப் பாருங்கள். காயாமல் பிசுபிசுத்தாலோ தடித்த வெள்ளைக் கறை நின்றாலோ உப்புக் கரைசல்.

பஞ்சர் ஆனால் தண்ணீரை எப்படி இறக்குவது?

அச்சைத் தூக்கித் தாங்கி வைத்து, வால்வை அடிக்குக் கொண்டுவந்து, ஊசியையும் கூட்டையும் கழற்றுங்கள். அழுத்தம் இருந்தால் பீய்ச்சும், பக்கவாட்டில் நில்லுங்கள். தானாக வடிவது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும், ஏனென்றால் ரிம்மில் இருக்கும் வால்வுக்குக் கீழே டயரின் முழு ஆழம் இன்னும் மிச்சம். வால்வு வழியாக மெல்லிய குழாயை டயரின் அடிவரை இறக்கி, அதைச் சுற்றிக் காற்றழுத்தம் கொடுத்தால் மீதி நீர் குழாய் வழியே ஏறி வரும். வடிப்பதற்கென்றே இந்த அமைப்புள்ள அடாப்டர் உண்டு. உப்புக் கரைசலை வயலில் விடாதீர்கள், அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. டிரம்மில் பிடித்து வைத்தால் பஞ்சர் ஒட்டியபின் அதையே திரும்ப ஏற்றலாம்.

தண்ணீரோடு டயரைக் கழற்றி உருட்ட முயலாதீர்கள். 13.6-28 சக்கரத்தில் தண்ணீர் மட்டுமே 185 கிலோ. அது சாய ஆரம்பித்தால் ஒருவர் பிடித்து நிறுத்த முடியாது.